பட்டுப்புழு வளர்ப்பு: முட்டை முதல் இழை வரை முழுமையான வழிகாட்டி

இந்த வழிகாட்டி 200 புழுக்களுக்கானது. பழகுவதற்கு அதுவே சரியான அளவு. எல்லாம் ஒழுங்காக நடந்தால் கடைசியில் 40 முதல் 50 கிராம் கச்சாப் பட்டு கைக்கு வரும். நடுவில் ஏதாவது தப்பினாலும், எங்கே தப்பியது என்று தேடிப் பார்க்கிற அளவில்தான் எல்லாம் இருக்கும். ஆயிரக்கணக்கில் வைத்தால் அதற்கு நேரமே கிடைக்காது.

இங்கே பேசப்போவது மல்பெரி இலை தின்னும் பட்டுப்புழுவைப் பற்றி. அறிவியல் பெயர் பாம்பிக்ஸ் மோரி. டசார், முகா என்ற வேறு பட்டுப்புழுக்கள் வெளியே மரத்தில் வளர்பவை. எரி என்ற வகை ஆமணக்கு இலை தின்பது. அவற்றின் வளர்ப்பு வேறு கதை. தேவைப்படும் இடத்தில் மட்டும் தொட்டுச் செல்கிறேன்.

முட்டை பொரிய 10 முதல் 12 நாள். புழுவாக இருப்பது 25 முதல் 28 நாள். கூடு கட்டி அறுவடை ஆக இன்னும் ஒரு வாரம். இந்த ஆறேழு வாரத்தில் ஒருநாள் ஊருக்குப் போனாலும் உங்கள் இடத்தில் இன்னொருவர் இலை போட வேண்டும். அதற்கு ஆள் இல்லையென்றால் தொடங்க வேண்டாம்.

1. முட்டைக்கு முன் இலை

பெரும்பாலானவர்கள் முட்டையிலிருந்து தொடங்குகிறார்கள். முதல் சறுக்கல் அங்கேதான். ஒரு புழு தன் ஆயுளில் தின்பது சுமார் 20 முதல் 25 கிராம் இலை. வீணாவதையும் சேர்த்தால் 200 புழுவுக்கு 6 கிலோ. கேட்க அதிகமாகத் தெரியாது. ஆனால் அதில் 80 சதவீதத்துக்கும் மேல் கடைசி ஏழெட்டு நாளிலேயே போய்விடும். முதல் வாரம் ஒரு கைப்பிடி இலைகூடத் தீராது. அதைப் பார்த்துவிட்டு இன்னும் முட்டை வாங்கி வைப்பவர்கள்தான் கடைசி வாரத்தில் இலை தேடி அலைகிறார்கள்.

அதனால் செடியில் ஒரு வாரத்துக்குள் 5 கிலோ முற்றிய இலை பறிக்க முடியுமா என்று மட்டும் பாருங்கள். முடியாதென்றால் புழுவைப் பாதியாகக் குறையுங்கள்.

வேறு இலை போட்டுச் சமாளிக்கலாம் என்று நினைக்க வேண்டாம். லெட்டூஸ் போன்றவற்றைப் பட்டினியில் கொஞ்சம் கொறிக்கும், உயிரும் சில நாள் நிற்கும், ஆனால் உருப்படியான கூடு வராது. மல்பெரியில் இருக்கும் குறிப்பிட்ட சில பொருள்கள்தான் இந்தப் புழுவைக் கடிக்கவும் விழுங்கவும் தூண்டுகின்றன.

இலையில் பூச்சிமருந்து பட்டிருக்கக் கூடாது. பக்கத்து வயலில் அடித்த மருந்து காற்றில் வந்து படிந்தாலே போதும், சில மணி நேரத்தில் தலையை ஆட்டிக்கொண்டு வாந்தியெடுத்துச் சாகும். புகையிலைச் செடிக்குப் பக்கத்தில் வளர்ந்த மல்பெரியும் இதைச் செய்யும், காரணம் நிகோட்டின். புதிய செடியிலிருந்து பறிக்கும்போது நான்கைந்து புழுக்களுக்கு மட்டும் போட்டு, ஒருநாள் பார்த்துவிட்டு மற்றவற்றுக்குக் கொடுங்கள்.

2. இடமும் தட்டும்

தேவையானவை அதிகமில்லை: மூன்று நான்கு தட்டுகள், தட்டின் அளவுக்கு வெட்டிய வலைகள், மெழுகுத்தாள், ஒரு மென்மையான இறகு அல்லது தூரிகை, வெப்பமும் ஈரப்பதமும் காட்டும் ஒரு மானி, நீற்றிய சுண்ணாம்புத் தூள். வலை இரண்டு அளவில் வேண்டும். இளம்புழுவுக்கு நெருக்கமான கண், வளர்ந்த புழுவுக்கு அது நுழைந்து வரும் அளவுக்கு அகலமான கண்.

முட்டை வருவதற்கு நான்கைந்து நாள் முன்பே அறையையும் தட்டுகளையும் கிருமிநீக்கம் செய்யுங்கள். ஒரு லிட்டர் நீரில் 20 கிராம் ப்ளீச்சிங் பவுடரும் 3 கிராம் நீற்றிய சுண்ணாம்பும் கலந்த கரைசல் போதும். முகக்கவசமும் கையுறையும் போட்டுக்கொண்டு தெளியுங்கள். தட்டுகளை வைக்கும் இரும்புத் தாங்கி துருப்பிடிக்கும், அதைத் துடைத்துவிடுங்கள். அப்புறம் கதவு ஜன்னலைத் திறந்து வாடை முழுக்கப் போகவிட வேண்டும். அதற்குத்தான் அந்த நான்கைந்து நாள்.

இந்த வேலையைச் சலிப்பாக இருக்கிறது என்று விட்டுவிடுவார்கள். பட்டுப்புழு நோய்களுக்கு வைத்தியம் கிடையாது. புழு வந்த பிறகு அறையைக் கழுவவும் முடியாது. நோய்க்கு எதிராக நீங்கள் செய்யும் பெரிய காரியம் இது ஒன்றுதான், அதையும் புழு வருவதற்கு முன்பே செய்தாக வேண்டும்.

எறும்புக்கு: தாங்கியின் கால்களைத் தண்ணீர் நிரம்பிய கிண்ணங்களில் நிறுத்துங்கள். பல்லி, எலி, ஈ வராமல் ஜன்னலுக்கு வலை. கொசுவத்தி, கொசு விரட்டும் மின்கருவி, வாசனைத் தெளிப்பான் எதுவும் அந்த அறையில் கூடாது. கொசுவைக் கொல்வது புழுவையும் கொல்லும். பக்கத்து அறையில் வைத்த கொசுவத்தியால் ஒரு தட்டு முழுவதும் போனதைப் பார்த்திருக்கிறேன்.

3. முட்டை

தாய் அந்துப்பூச்சியை நுண்ணோக்கியில் சோதித்து, நோயில்லை என்று உறுதிசெய்த முட்டைத் தொகுதியை மட்டும் வாங்குங்கள். பெப்ரின் என்ற நோய் தாயிடமிருந்து முட்டை வழியே குஞ்சுக்கு வரும். முட்டையை வெளியே பார்த்து அதைக் கண்டுபிடிக்க முடியாது. 1860களில் பிரான்சில் லூயி பாஸ்டர் இதை ஆராய்ந்து, ஒவ்வொரு தாய்ப்பூச்சியையும் தனித்தனியாக முட்டையிடவிட்டுச் சோதிக்கும் முறையைக் கொண்டுவந்தார். இன்றைக்கும் உலகம் முழுவதும் முட்டை உற்பத்தி அதன் மேல்தான் நிற்கிறது. தெரிந்தவர் இலவசமாகத் தரும் முட்டையில் இந்தச் சோதனை நடந்திருக்காது.

ஒரு தாய்ப்பூச்சி இட்ட ஒரு தொகுதியில் 400 முதல் 500 முட்டை இருக்கும். 200 புழு போதுமென்றால் முட்டைகள் ஒட்டியிருக்கும் அட்டையைப் பாதியாக வெட்டிக்கொள்ளுங்கள். மீதியைக் குளிர்பெட்டியில் வைத்து நீட்டிக்கலாம் என்பது நடைமுறையில் நன்றாக வருவதில்லை. வளர்ப்பவர் இன்னொருவர் இருந்தால் கொடுத்துவிடுங்கள்.

25 டிகிரி செல்சியஸ், 80 சதவீத ஈரப்பதம். இதில் வைத்தால் பத்து நாளைக்கு மேல் பொரியும். ஈரப்பதம் குறைந்தால் முட்டை காய்ந்து, குஞ்சு உள்ளேயே நின்றுவிடும். அருகில் ஈரத்துணி வைக்கலாம், முட்டை மேல் தண்ணீர் படக்கூடாது.

பொரிவதற்கு இரண்டு நாள் முன்பு ஒவ்வொரு முட்டையிலும் ஒரு கரும்புள்ளி தெரியும். அது புழுவின் தலை. அந்த நாளே அட்டையைக் கறுப்புத்தாளில் சுற்றி இருட்டில் வைத்துவிடுங்கள். முந்திக்கொண்டு வளர்ந்தவை இருட்டில் காத்திருக்கும், பின்தங்கியவை எட்டிப்பிடிக்கும். மூன்றாம் நாள் அதிகாலை தாளைப் பிரித்து வெளிச்சத்தில் வைத்தால் பெரும்பாலானவை அன்று காலையிலேயே ஒன்றாகப் பொரியும்.

இந்த 'ஒன்றாக' என்பதற்கு ஏன் இவ்வளவு பாடு? இரண்டு மூன்று நாள் இடைவெளியில் பொரிந்தவற்றை ஒரே தட்டில் வைத்தால், ஒன்று தோலுரிக்கும்போது இன்னொன்று பசியோடு இருக்கும். இலை போட்டாலும் தவறு, போடாவிட்டாலும் தவறு. அந்தக் குழப்பம் கூடு கட்டும்வரை தீராது. மறுநாளும் பொரிபவற்றைத் தனித் தட்டில் வையுங்கள். அதற்கும் பிந்தியவற்றை விட்டுவிடுவதே நல்லது.

4. முதல் இலை

பொரிந்த புழு மூன்று மில்லிமீட்டர் நீளம், கறுப்பாக, முடியோடு இருக்கும். விரலால் தொடாதீர்கள். மேலிருந்து இரண்டு மூன்றாம் இளந்தளிர் இலைகளை அரை சென்டிமீட்டர் சதுரமாக நறுக்கி அட்டை மேல் தூவுங்கள். கால் மணி நேரத்தில் புழுக்கள் இலைமேல் ஏறிக்கொள்ளும். இலையோடு சேர்த்து இறகால் மெல்லத் தட்டுக்குத் தள்ளிவிடலாம்.

பொரிந்து சில மணி நேரத்துக்குள் இதைச் செய்துவிட வேண்டும். காலையில் பொரிந்ததை மாலைவரை விட்டால் அலைந்து களைத்துவிடும். அப்படிப்பட்ட புழு பிழைத்தாலும் பிந்திக்கொண்டே வரும்.

5. இளம்புழுப் பருவம்

ஒரு தோலுரிப்புக்கும் அடுத்ததற்கும் இடைப்பட்ட காலம் ஒரு பருவம். முதல் இரண்டு பருவமும் சாக்கி என்று சொல்லப்படும். மொத்தம் ஒரு வாரம். பழகாதவர்கள் பெரும்பாலும் இங்கேதான் புழுவை இழக்கிறார்கள், ஆனால் இழந்தது தெரியாது. செத்த புழு சருகோடு சருகாகக் கலந்துவிடும். மூன்றாம் பருவத்தில் எண்ணிப் பார்க்கும்போதுதான் 'பாதிதானே இருக்கிறது' என்பார்கள்.

வெப்பம் 27 முதல் 28 டிகிரி, ஈரப்பதம் 85 சதவீதம். புழுவுக்காக மட்டும் சொல்வதில்லை இது. நறுக்கிய இளந்தளிர் அரை மணி நேரத்தில் வாடிவிடும், வாடிய இலையை இந்தச் சின்ன வாயால் கடிக்க முடியாது. அடியில் மெழுகுத்தாள், மேலே மெழுகுத்தாள், சுற்றி ஈரமான பஞ்சுப்பட்டை. இப்படி மூடினால் இலை அடுத்த வேளைவரை புதிதாக நிற்கும். ஒவ்வொரு வேளைக்கும் அரை மணி முன்பு மேல்தாளை எடுத்துக் காற்றாடவிடுங்கள்.

ஒரு நாளைக்கு மூன்று நான்கு வேளை, இடைவெளி ஏறக்குறைய சமமாக. இரண்டாம் பருவத்தில் இலைத்துண்டை ஒன்றரை சென்டிமீட்டராக்கலாம். இலையை வளர்ச்சிக்கேற்ப மெல்ல மெல்லக் கீழிருந்து எடுக்க வேண்டும். பிஞ்சுப் புழுவுக்கு முற்றல் இலை கொடுத்தால் கடிக்க முடியாமல் இளைக்கும். பெரிய புழுவுக்குத் தளிர் கொடுத்தால் தண்ணீர் அதிகம், சத்து குறைவு, வயிறு கெடும்.

மூன்றாம் பருவத்தில் 26 டிகிரி, 80 சதவீதம் போதும். மேல்தாளை எடுத்துவிடலாம். இங்கிருந்து படிப்படியாக வெப்பமும் ஈரமும் குறைந்துகொண்டே போகும், காற்றோட்டம் கூடிக்கொண்டே போகும். மொத்த வளர்ப்புக்கும் ஒரே வெப்பநிலையை வைத்துக்கொள்பவர்கள் பாதி வேளை தவறான இடத்தில் இருப்பார்கள்.

படுக்கையைச் சுத்தம் செய்ய: வலையை விரித்து அதன்மேல் புதிய இலை போடுங்கள். இரண்டாம் வேளை இலைக்குப் பிறகு புழுக்கள் எல்லாம் மேலே வந்துவிடும். வலையோடு தூக்கிப் புதிய தட்டில் வைத்துவிட்டால் வேலை முடிந்தது. புழுவைத் தனித்தனியாகப் பொறுக்கி எடுக்க வேண்டியதே இல்லை. இளம்புழுவின் காலைப் பிய்த்து எடுப்பது பெரும்பாலும் அதைக் கொல்வதுதான். முதல் பருவத்தில் ஒருமுறை சுத்தம் செய்தால் போதும், இரண்டாவதில் இருமுறை.

6. தோலுரிப்பு: சும்மா இருக்க வேண்டிய நேரம்

புழு நான்கு முறை தோலுரிக்கும். அதற்கு முன் தின்பதை நிறுத்தி, தலையைத் தூக்கியபடி அசையாமல் இருக்கும். உடல் பளபளக்கும், தலை சின்னதாகத் தெரியும். செத்துவிட்டதோ என்று பதறி இலையைக் கொட்டுவதும், தண்ணீர் தெளிப்பதும், தொட்டுப் பார்ப்பதும் எல்லோரும் செய்வது. மூன்றும் கெடுதல்.

இந்த நேரத்தில் புழு தன் பழைய தோலை ஒரு பட்டிழையால் இலையோடு கட்டிவைத்துக்கொண்டு அதிலிருந்து ஊர்ந்து வெளியே வரும். இடம் மாற்றினால் அந்தப் பிடி அறுந்துவிடும். தோல் பாதியில் மாட்டி, புழு இறுக்கிச் சாகும்.

பத்தில் ஒன்பது புழு தூங்கத் தொடங்கியதும் மூடிய தாளை எடுங்கள். சுண்ணாம்புத் தூளை மெல்லிய படலமாகத் தூவுங்கள். படுக்கை உலரும், மிஞ்சிய இலை காய்ந்துவிடும், முந்தி விழித்தவை அதைத் தின்று முந்திப்போகாமல் இருக்கும். ஒரு நாள், நான்காம் தோலுரிப்பில் ஒன்றரை நாள்கூட ஆகும். கிட்டத்தட்ட எல்லாமே விழித்த பிறகுதான் அடுத்த இலை. முந்தியவை சில மணி நேரம் பட்டினி கிடந்தால் ஒன்றும் ஆகாது. முந்தியவற்றுக்கு இரக்கப்பட்டு இலை போட்டால் தட்டு இரண்டு கூட்டமாகப் பிரிந்துவிடும்.

7. வளர்ந்த புழு

நான்காம் பருவத்தில் 24 முதல் 25 டிகிரி, ஐந்தாம் பருவத்தில் 23 முதல் 24. ஈரப்பதம் 70 சதவீதத்தை ஒட்டி. இப்போது இலையை நறுக்க வேண்டாம். முழு இலையாகவோ சின்னக் கிளையோடோ கொடுக்கலாம். கிளையோடு கொடுப்பதில் ஒரு லாபம், குச்சிகளுக்கு இடையே காற்று ஓடும், எச்சம் கீழே விழுந்துவிடும்.

இடம்தான் இப்போது பெரிய கேள்வி. பொரிந்ததிலிருந்து முதிர்வதற்குள் புழுவின் எடை எட்டாயிரம் முதல் பத்தாயிரம் மடங்கு ஏறுகிறது. உள்ளங்கையில் அடங்கிய 200 புழுவுக்கு இப்போது குறைந்தது மூன்று சதுர அடி வேண்டும், நான்கு கொடுத்தால் நல்லது. இரண்டு நாளுக்கு ஒருமுறை இடத்தைப் பெருக்குங்கள். நெரிசலில் ஒன்றின் நகம் இன்னொன்றின் தோலைக் கீறும். அந்தக் கீறல் வழியாகத்தான் நோய் பரவும்.

ஐந்தாம் பருவத்தில் தினமும் படுக்கையை மாற்றுங்கள். 200 புழு ஒரு நாளில் போடும் எச்சத்தை அப்படியே விட்டால் அது சூடேறி அம்மோனியா வாடை அடிக்கும். வாடை உங்களுக்குத் தெரிகிறதென்றால் புழுவுக்கு அது எப்போதோ தெரிந்திருக்கும்.

இலையை விடியற்காலையிலோ மாலையிலோ பறித்து, ஈரச்சாக்கில் தளர்வாக வையுங்கள். பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டிய இலை உள்ளுக்குள் புழுங்கிச் சூடாகிவிடும். மழையில் நனைந்ததை நிழலில் உலர்த்தியே போட வேண்டும். இரவு வேளைக்குச் சற்று அதிகம் போடுங்கள்.

இந்த ஏழு நாளில் ஒரு வேளையைக் குறைத்தால் அது நேராகக் கூட்டின் எடையில் தெரியும். பட்டுச்சுரப்பி பெருப்பது இந்தப் பருவத்தில்தான். ஐந்தாம் பருவத்தின் கடைசியில் உடல் எடையில் ஒரு பெரிய பங்கு அந்தச் சுரப்பிதான். முன்பு நன்றாக வளர்த்ததெல்லாம் அதை ஈடுசெய்யாது.

8. நோயை எப்படி அடையாளம் காண்பது

இலை போடும் முன் தினமும் ஒரு நிமிடம் தட்டைப் பாருங்கள். கீழ்க்கண்ட எதையாவது பார்த்தால் அந்தப் புழுவை இடுக்கியால் எடுத்துச் சுண்ணாம்புக் கரைசலில் போட்டுவிட்டுக் கை கழுவுங்கள். காத்திருந்து பார்க்கலாம் என்பதற்கு இடமில்லை.

தோல் இறுகி, கணுக்களின் இடைவெளி வீங்கி, தட்டின் ஓரத்தில் நிற்காமல் ஊர்ந்துகொண்டே இருந்தால் அது பால்புழு நோய். வைரஸால் வருவது. காலைக் கிள்ளினால் பால் போன்ற நீர் வடியும். அந்த நீர் ஒரு சொட்டு இலையில் பட்டால் போதும், தட்டு முழுவதும் பரவும். ஊர்ந்து திரிவதே அதைப் பரப்புவதற்குத்தான் என்று தோன்றும்.

செத்த புழு விறைத்து வெள்ளையாகச் சுண்ணாம்புக்கட்டிபோல் ஆனால் பூஞ்சை. ஈரமும் குளிரும் சேர்ந்தால் வரும். படுக்கையை உலர்த்தி ஈரப்பதத்தைக் குறைத்தால் அடங்கும். புழு துவண்டு, வாந்தியெடுத்து, எச்சம் சங்கிலியாக நீண்டு, செத்தபின் அழுகிக் கறுத்தால் தளர்நோய். பெரும்பாலும் சூடான அறை, புளித்த இலை, நெரிசல் மூன்றும் சேர்ந்து கொண்டுவருவது. புழுக்கள் ஒழுங்கில்லாமல் வளர்ந்து, உடலில் மிளகுப்பொடி தூவியதுபோல் புள்ளி இருந்தால் பெப்ரினாக இருக்கலாம். அப்போது முழுத் தொகுதியையும் எரித்துவிட்டு மீண்டும் முதலிலிருந்து வர வேண்டும், வேறு வழியில்லை.

ஆசிய நாடுகளில் இன்னொரு தொல்லை ஊசி ஈ. புழுவின் மேல் முட்டை வைக்கும், அந்த இடத்தில் ஒரு கறுப்புத் தழும்பு தெரியும். ஈயின் புழு உள்ளே தின்று வளர்ந்து, கூட்டை ஓட்டைபோட்டு வெளியேறும். ஜன்னல் வலை ஒன்றே தீர்வு.

9. கூடு கட்ட ஏற்றுதல்

தின்பதை நிறுத்தி, உடல் சற்றுச் சுருங்கி, கழுத்துப்பக்கம் வெளிச்சம் ஊடுருவும்படி மஞ்சள் கலந்த நிறமாகி, தலையைத் தூக்கி இப்படியும் அப்படியும் தேடினால் முதிர்ந்துவிட்டது. உடனே எடுத்துக் கூடுகட்டும் சட்டத்தில் விடுங்கள்.

முந்தி ஏற்றினால் அது அலைந்து, கீழே விழுந்து, சட்டத்தை எச்சத்தால் அழுக்காக்கும். பிந்தி ஏற்றினால் தட்டிலேயே இழையை விரயம் செய்யத் தொடங்கிவிடும். ஒரே நாளில் எல்லாம் முதிராது. மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை தட்டைப் பார்த்து முதிர்ந்தவற்றை மட்டும் பொறுக்க வேண்டும். இந்த ஒரு நாள் உறக்கம் கெடும்.

சட்டத்தை ஊருக்கு ஊர் ஒருவிதமாகச் செய்கிறார்கள். இந்தியாவில் மூங்கில் பட்டையைச் சுருளாகத் தட்டில் கட்டிய சந்திரிகை. சீனாவில் வைக்கோலைக் கட்டிச் செய்தது பரவலாக இருந்தது. ஜப்பானில் அட்டையால் அறை அறையாகப் பிரித்து, சுழலும்படி தொங்கவிட்டது. புழுக்கள் மேல்நோக்கியே ஏறும் என்பதால், மேல்பக்கம் பாரம் கூடியதும் சட்டம் தானாகத் திரும்பிக் காலி அறைகளை மேலே கொண்டுவரும். இந்த மூன்றில் புதியவர்களுக்கு அட்டை அறையைத்தான் சொல்வேன், வீட்டிலேயே செய்துவிடலாம். சுமார் 3 சென்டிமீட்டர் அகலம், 4.5 சென்டிமீட்டர் நீளம், 3 சென்டிமீட்டர் ஆழம். ஒரு அறைக்கு ஒரு புழு. இரண்டு ஒன்றாகக் கட்டினால் இரட்டைக்கூடு ஆகும், அதன் இழைகள் பின்னிக்கொண்டு சீராக வராது.

சட்டம் இருக்கும் வீட்டறையில் 24 டிகிரி, ஈரப்பதம் 60 முதல் 70 சதவீதம், நல்ல காற்றோட்டம், மங்கலான சீரான வெளிச்சம். கூடு கட்டுவதற்கு முன் ஒவ்வொரு புழுவும் சிறுநீராகவும் எச்சமாகவும் நிறைய வெளியேற்றும். அந்த ஈரம் போக வழியில்லையென்றால் இழையில் உள்ள பசை மெதுவாக உலர்ந்து அடுக்குகள் ஒட்டிக்கொள்ளும். அப்படிப்பட்ட கூட்டிலிருந்து இழை அறுந்து அறுந்துதான் வரும். இழை எடுக்கும்போது வரும் தொல்லையில் பெரும்பகுதி இந்த இரண்டு நாள் காற்றோட்டத்தில் முடிவாகிவிடுகிறது. அடியில் செய்தித்தாள் விரித்து, முதல்நாள் மாலை அதை உருவிவிடுங்கள்.

புழு தலையை எட்டு வடிவத்தில் ஆட்டியபடி இரண்டு மூன்று நாள் நிறுத்தாமல் இழைக்கும். அப்போது சட்டத்தை நகர்த்தவோ குலுக்கவோ கூடாது.

10. அறுவடை

அவசரப்பட வேண்டாம். ஏற்றிய ஆறு ஏழாம் நாள் ஒரு கூட்டை எடுத்துக் காதருகே குலுக்குங்கள். கடகடவென்று கேட்டால் உள்ளே கூட்டுப்புழு உருவாகித் தோல் இறுகிவிட்டது. மெத்தென்று ஒன்றும் கேட்காவிட்டால் இன்னும் மென்மையாக இருக்கிறது. இப்போது பறித்தால் நசுங்கி, கூட்டின் உட்பக்கம் கறை பிடிக்கும்.

வெளியே இருக்கும் பஞ்சுபோன்ற இழையை நீக்கிவிட்டுப் பிரியுங்கள். மெலிந்தவை, கறைபட்டவை, ஓட்டையானவை, இரட்டைக்கூடு எல்லாம் ஒருபுறம். தூக்கிப் போட வேண்டாம், 12ஆம் பிரிவில் அவற்றுக்கு வேலை இருக்கிறது.

11. கூட்டுப்புழு

அறுவடை ஆகிச் சுமார் ஒரு வாரத்தில் அந்துப்பூச்சி ஒரு திரவத்தைச் சுரந்து, கூட்டின் முனையை இளக்கி வெளியே வந்துவிடும். அந்த ஓட்டையால் ஒரே நீள இழை எடுக்க முடியாது. அதனால்தான் அதற்கு முன் கூட்டுப்புழுவை வெப்பத்தால் கொல்கிறார்கள். இதைச் செய்ய மனம் வராது என்றால் இந்த வேலையைத் தொடங்கும் முன்பே முடிவுசெய்யுங்கள், இங்கே வந்து தயங்க வேண்டாம். பூச்சி வெளியேறிய கூட்டையும் நூற்றுப் பயன்படுத்தலாம், அது வேறு மாதிரியான நூல். அஸ்ஸாமின் எரிப்பட்டு அப்படித்தான்: அந்தக் கூட்டின் ஒரு முனை இயல்பிலேயே திறந்திருக்கும், எப்படியும் நூற்கத்தான் வேண்டும்.

நீராவியில் 20 முதல் 30 நிமிடம் வைத்து, பிறகு நிழலில் பரப்பி முழுக்க உலர்த்துங்கள். நான்கைந்து நாளில் இழை எடுத்துவிட வேண்டும். சரியாக உலராமல் சேமித்தால் பூஞ்சை பிடிக்கும். வெயிலில் காயப்போடுவது சுலபம்தான், ஆனால் வெயில் இழையை வலுவிழக்கச் செய்யும்.

அடுத்த தலைமுறை வேண்டுமென்றால் நல்ல கூடுகள் பத்தைத் தனியே வையுங்கள். அந்துப்பூச்சி தின்னாது, பறக்கவும் செய்யாது. சில மணி நேரம் இணைசேர்ந்தபின் பிரித்து, பெண்ணை ஒரு தாளில் விட்டால் ஒரு நாளில் முட்டையிடும். ஆண்டுக்கு இருமுறை பொரியும் இனங்களின் முட்டை சாம்பல் நிறமாகி உறக்கத்துக்குப் போய்விடும். இயல்பாக விழிக்க அதற்குப் பல வாரக் குளிர் பட வேண்டும். பொரியவில்லையே என்று அதைக் குப்பையில் போட்டவர்கள் உண்டு.

12. இழை எடுத்தல்

ஒரு பெரிய பாத்திரம், வெப்பமானி, குட்டைத் துடைப்பம் மாதிரி ஒரு தூரிகை, சின்னத் துளையுள்ள வளையம், கையால் சுற்றும் ராட்டை. தண்ணீர் உப்பில்லாததாக இருந்தால் நல்லது.

20 கூடுகளை 95 டிகிரி நீரில் அழுத்தி மூழ்கவைத்து மூன்று நான்கு நிமிடம் வேகவிடுங்கள். வேகாத கூட்டில் பசை இளகாது, இழுத்தால் அறும். அதிகம் வெந்தால் அடுக்கடுக்காகக் கொத்தாக உரிந்து வரும். மேலோடு வழுவழுப்பாகி, விரலுக்கு மெத்தென்று பட்டால் சரி. எத்தனை நிமிடம் என்பது கூடு உலர்ந்த விதத்தைப் பொறுத்தது. முதலில் கழித்துவைத்த கூடுகளில் இதைப் பழகுங்கள்.

வெப்பத்தைக் கொஞ்சம் இறக்கிவிட்டு, தூரிகையால் கூடுகளின் மேலே மெல்லச் சுற்றுங்கள். வெளியிழைகள் தூரிகையில் ஒட்டிக்கொள்ளும். கையால் இழுத்துக்கொண்டே போனால் முதலில் கொத்தாக வரும், பிறகு ஒவ்வொரு கூட்டுக்கும் ஒரே ஒரு சுத்தமான இழை நிற்கும். அதற்கு முன் ராட்டையில் ஏற்றக் கூடாது.

ஒரு கூட்டின் இழை இனத்தைப் பொறுத்து 500 முதல் 1,500 மீட்டர் நீளம். கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு மெல்லியது, அதனால் தனியாக உதவாது. ஆலைகளில் எட்டு முதல் பத்து இழை சேர்ப்பார்கள். கையில் எடுப்பவர்கள் 15 முதல் 20 வைத்துக்கொள்ளுங்கள், அறுந்தால் கண்ணுக்குத் தெரியும். எல்லாவற்றையும் வளையத்தில் நுழைத்து, நூலைத் தன்மேலேயே பல முறை முறுக்கிவிட்டு ராட்டைக்குக் கொண்டுபோங்கள். அந்த முறுக்கில்தான் தண்ணீர் பிழியப்பட்டு, இழைகள் உருண்டையான ஒரே நூலாக ஒட்டும். முறுக்கைத் தவிர்த்தால் தட்டையான, பிரிந்துபோகும் நாடாதான் வரும்.

கூட்டின் உள்பக்கம் இழை மெலிந்துகொண்டே போகும். எல்லாக் கூட்டையும் ஒரே நேரத்தில் தொடங்கினால் நூல் தடிமனாகத் தொடங்கி மெலிந்து முடியும். அதனால் புதிய கூடும் பாதி தீர்ந்த கூடும் எப்போதும் கலந்திருக்கட்டும். ஒன்று தீர்ந்து உள்ளிருப்பது தெரியத் தொடங்கியதும் இன்னொன்றின் இழையை ஓடும் நூலோடு தொட்டுவிடுங்கள், ஈரப்பசையில் தானே ஒட்டிக்கொள்ளும். நூல் ராட்டையில் ஒரே இடத்தில் விழாமல் பக்கவாட்டில் நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் காய்ந்ததும் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டி, பிரிக்கவே முடியாது.

தாய்லாந்தின் கிராமங்களில் பெண்கள் அடுப்பில் வைத்த பானையிலிருந்தே கையால் இழுத்து எடுக்கிறார்கள். அந்த நூல் கரடுமுரடாக, மேடு பள்ளத்தோடு இருக்கும். அதைக் குறை என்று பார்க்க வேண்டியதில்லை. அந்தத் துணியின் அழகே அதுதான். முதல் நூல் உங்களுக்கும் அப்படித்தான் வரும்.

கழித்துவைத்த கூடுகள்? ஜப்பானில் அவற்றைச் சோடா கலந்த நீரில் வேகவைத்து, பசை போன பிறகு உள்ளிருப்பதை எடுத்துவிட்டு, தண்ணீருக்குள்ளேயே ஒரு சதுரச் சட்டத்தில் விரித்து மாட்டுவார்கள். மவாட்டா என்று பெயர். அடுக்கடுக்காக மாட்டிக் காயவைத்த அந்த விரிப்பிலிருந்து கையால் நூல் இழுக்கலாம். இரட்டைக்கூட்டுக்கும் இதுவே நல்ல வழி.

13. பசை நீக்கல்

ராட்டையிலிருந்து எடுத்த நூல் விறைப்பாக, மங்கலாக இருக்கும். இதுதானா பட்டு என்று ஏமாற வேண்டாம். அதன் எடையில் 20 முதல் 25 சதவீதம் செரிசின் என்ற பசை. அது போன பிறகுதான் மினுமினுப்பும் மென்மையும் வரும்.

நூல்கண்டை நான்கு இடத்தில் தளர்வாகக் கட்டுங்கள். இறுக்கிக் கட்டினால் அந்த இடத்தில் பசை தங்கி, சாயம் ஏறாது. ஒரு லிட்டர் மென்னீருக்கு 5 முதல் 10 கிராம் நல்ல சோப்பு, 95 டிகிரி, ஒரு மணி நேரம். தளதளவென்று கொதிக்கவிட்டால் நூல் சிக்கிக்கொள்ளும். கடின நீரில் சோப்பு திரிந்து நூலின் மேல் படியும், அதை எடுப்பது பெரும்பாடு. முடிந்ததும் நேராகக் குளிர்ந்த நீரில் போடாமல் முதலில் சூடான நீரில், பிறகு வெதுவெதுப்பானதில், கடைசியாகக் குளிர்ந்ததில் அலசுங்கள்.

நூலை முன்னும் பின்னும் எடைபோட்டுப் பாருங்கள். ஏறக்குறைய கால் பங்கு குறைந்திருந்தால் பசை முழுவதும் போய்விட்டது. குறைவாகக் குறைந்திருந்தால் புதிய சோப்புநீரில் இன்னொரு அரை மணி நேரம். ஆர்கன்சா போன்ற விறைப்பான துணி நெய்வதாக இருந்தால் இந்தப் பிரிவையே தவிர்த்துவிடலாம், அதற்குப் பசையோடு கூடிய நூல்தான் வேண்டும்.